கரடியின் சுண்டுவிரல்

சனிக்கிழமை காலை ஷகீல் குரங்கணிக்குப் போனது ஆடு பிடிக்க. போடியில் அவனுக்குக் கறிக்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்கு மலையில் மேய்ந்த ஆடுகளைத்தான் வாங்குவான். அவற்றில் பாதி மொக்கம்மாள் வளர்த்தவையாக இருக்கும். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் பறிக்கப் போய்க்கொண்டே ஏழெட்டு ஆடுகளையும் வைத்துப் பிழைக்கிறவள் அவள்.

அன்று அவள் வீடு பூட்டிக் கிடந்தது. பட்டிக்குள் ஆடுகள் பசியில் கத்தின.

"எல்லாரும் மேல ஸ்டோருக்குப் போயிட்டாக பாய்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஜக்கையன் கை கெடைச்சிருச்சாம்."

ஜக்கையன் மொக்கம்மாளின் புருசன். பதினாலு மாதத்துக்கு முன் அவளிடம் கேட்காமல் அவளுடைய இரண்டு கிடாய்களைப் போடிக்கு ஓட்டிவந்து விற்றுவிட்டான். விஷயம் தெரிந்ததும் அவள் தெருவில் நின்று, "இனி என் மூஞ்சியில முழிக்காத, எங்கயாச்சும் போய்ச் சாவு" என்று கத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலம் மலைப்பாதையில் ஏறிப் போனவன் திரும்பவே இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தும் துப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கிடாய்களை வாங்கியவன் ஷகீல்தான். மொக்கம்மாள் அனுப்பினாள் என்று ஜக்கையன் சொன்னதை நம்பி வாங்கியிருந்தான். அவள் அதைப் பற்றி இவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் பாண்டியராஜின் ஜீப்பில் ஏறி மேலே போனான். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். வாசலில் தோட்டத்து ஆட்கள் கூடி நின்றார்கள். உள்ளே ஒரு பலகையின் மேல், விரித்த சாக்கில், அது கிடந்தது. மழையில் கரை அரித்துப்போன ஓடையோரம் காலையில் காய் பறிக்கப் போனவர்கள் பார்த்து எடுத்து வந்திருந்தார்கள். தோலும் சதையும் போய், காய்ந்த நரம்புகள் மட்டும் எலும்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டு, உள்ளங்கை, ஐந்து விரல்கள். விரல் நுனிகள் மட்டும் இல்லை.

யார் பார்த்தாலும் கை என்றுதான் சொல்வார்கள். ஷகீலும் முதலில் அப்படித்தான் நினைத்தான். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றதில் ஏதோ உறுத்தியது. இருபது வருடமாக எலும்பைத் தொட்டுப் பிழைக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டே மூட்டில் கத்தி இறக்குவான். இந்தக் கையில் கட்டைவிரல் விலகி நிற்கவில்லை. ஐந்தும் ஒரே வரிசையில் நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் தடித்திருந்தது.

"இது மனுசக் கையான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றான் மெதுவாக.

"அஞ்சு விரல் இருக்கு, ஓரத்துல கட்டைவிரல் பெரிசா இருக்கு, இன்னும் என்னா வேணும்?" ஜக்கையனின் அக்கா கருப்பம்மாள் எழுந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "ஆட்டுக் கால் வெட்டுறவுகளுக்கு எந்தம்பி கையப் பத்தி என்ன பாய் தெரியும்?"

ஏன் சந்தேகம் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. வேறொன்றையும் அவன் கண்டிருந்தான். விரல் நுனிகள் தானாக விழவில்லை. மூட்டுக்கு மூட்டு கத்தி இறங்கிய கோடு இருந்தது. அதைச் சொன்னால் அந்த நிமிடமே கொலை என்று பேச்சு கிளம்பும். வாயை மூடிக்கொண்டு, போனில் நாலைந்து படம் மட்டும் எடுத்தான்.

மொக்கம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவனைப் பார்த்ததும், "நாஞ் சொன்னதுதான் பாய் பலிச்சுப்போச்சு," என்றாள். அவ்வளவுதான்.

போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வந்து எடுத்துப்போய் மதுரைக்குச் சோதனைக்கு அனுப்புவாராம். முடிவு வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும், திங்கட்கிழமை காலையிலேயே மொக்கம்மாளுக்குத் தாலி இறக்கிவிட வேண்டும் என்று கருப்பம்மாள் வீட்டார் பேசிக்கொண்டார்கள். காவலுக்கு செல்லத்தாய் என்ற பெண் போலீஸ் வந்து பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மொக்கம்மாளிடம் ஆடு கேட்காமல், வழியில் வேறொருவரிடம் இரண்டு கிடாய் பிடித்துக்கொண்டு ஷகீல் போடிக்கு இறங்கினான்.

அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வாடிக்கைகளில் ஒருத்தி ஜாக்குலின். கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறவள். கறி வாங்க வரும்போது, "பாய், அந்த ஈரலைக் கொஞ்சம் திருப்புங்க", "அந்தக் குளம்பு மூட்டு உடையாம தாங்க, பசங்களுக்குக் காட்டணும்" என்று ஏதாவது கேட்பாள். மற்றவர்கள் முகம் சுளிக்கும் சமாச்சாரங்களை அவள் ஆசையாகக் கேட்பது அவனுக்குப் பிடிக்கும். அன்று மத்தியானமே அவள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் ஜாக்குலின்.

"கத்தி பட்டிருக்கு டீச்சர். நுனியெல்லாம் அறுத்தது. நான் அங்க சொல்லல."

"நல்லவேளை சொல்லல." அவள் இன்னும் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு எதனால சந்தேகம் வந்துச்சு?"

"கட்டைவிரல் சரியில்ல. ஆனா அது ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல."

"உங்க கையைக் காட்டுங்க பாய்."

காட்டினான். அவள் தன் கையையும் நீட்டினாள். "சுண்டுவிரல்ல எத்தனை எலும்பு? உள்ளங்கையை விட்டுருங்க. விரல்ல மட்டும்."

அவன் மடக்கிப் பார்த்தான். "மூணு."

"கட்டைவிரல்ல?"

மடக்கினான். மறுபடியும் மடக்கினான். நாற்பத்தைந்து வயதில் அதை முதல் முறையாகக் கவனிக்கிறான். "ரெண்டுதான் இருக்கு!"

"இப்ப படத்தைப் பாருங்க. எல்லா விரல்லயும் நுனி எலும்பு ஒண்ணு போயிருச்சு. அப்ப மத்த நாலுலயும் ரெண்டு ரெண்டு மிச்சம் இருக்கணும். கட்டைவிரல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அந்த ஒண்ணு எதுல இருக்கு?"

ஷகீல் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தடித்த விரலில் இரண்டு எலும்புகள் இருந்தன. எதிர் ஓரத்தில், இருப்பதிலேயே மெலிந்து கிடந்த விரலில் ஒன்று.

"அப்ப அந்த ஒல்லியா இருக்கறதுதான் கட்டைவிரலா?"

"ஆமா. பெரிசா இருக்கறது சுண்டுவிரல். எந்த மனுசனுக்கும் சுண்டுவிரல் கைலயே பெரிசா இருக்காது. கரடிக்கு இருக்கும்." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "தோலை உரிச்ச கரடிப் பாதத்தை மனுசக் கைன்னு நினைச்சு வெளிநாட்டுல போலீசுக்காரங்களே ஏமாந்திருக்காங்க. நகத்துக்காக நுனியை அறுத்திருப்பாங்க. தாயத்துல கட்டறதுக்கு யாரோ வேட்டையாடியிருக்கான்."

ஷகீல் எழுந்துவிட்டான். "அப்ப வெரசா போய்ச் சொல்லிருவோம் டீச்சர்."

"போனைக் காட்டிச் சொன்னா நம்புவாங்களா? நேரா போய்ப் பாக்கணும். மணிக்கட்டு எலும்பையும் எண்ணணும். நாளைக்கு ஜெபம் முடிஞ்சதும் வர்றேன். நீங்க ஒரு முன்னங்காலை முழுசா எடுத்து வைங்க, குளம்போட. ஒரு கோழி றெக்கையும்."

வீட்டில் அவன் மனைவி ஜன்னத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா கடையப் போட்டுட்டா?" என்றாள். பிறகு அவளே, "பதினோரு மணிக்கு மேல நான் நின்னுக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கழிச்சுத் தாலி இறக்கிட்டாங்கன்னா அப்புறம் யாரு கட்டறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாண்டியராஜ் ஜீப்பை எடுத்தான். ஜாக்குலின் மடியில் கல்லூரி ஆய்வகத்துப் பிளாஸ்டிக் கை எலும்பு இருந்தது. ஷகீலின் காலடியில், ஐஸ் போட்ட பையில் ஆட்டு முன்னங்காலும் கோழி இறக்கையும். வளைவுகளில் ஜீப்பு குலுங்கியபோதெல்லாம் அவள் பிளாஸ்டிக் கையை ஒரு குழந்தையைப் பிடிப்பது போல அணைத்துக்கொண்டாள்.

செல்லத்தாய் முதலில் விடவில்லை. "சார் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு மேடம்."

"தொட மாட்டோம். பக்கத்துல நின்னு பாக்கத்தான் போறோம். நீங்களும் கூடவே எண்ணுங்க," என்றாள் ஜாக்குலின். எண்ணச் சொன்னது செல்லத்தாய்க்குப் பிடித்திருந்தது போல. நாற்காலியை நகர்த்தினாள்.

மொக்கம்மாள் வந்தாள். கருப்பம்மாளும் வந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. ஜாக்குலின் பேசப்போகிறாள் என்று எல்லோரும் அவளைப் பார்க்க, அவள் ஷகீலைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க பாய். உங்ககிட்ட ஆடு குடுக்கறவங்க. என்னைய இவங்களுக்குத் தெரியாது."

ஷகீல் ஓர் எட்டு முன்னால் வந்து ஆரம்பித்தான். "எல்லாரும் அவுகவுக கட்டைவிரலை மடக்குங்க."

ஸ்டோருக்குள் நின்ற அத்தனை பேரும் மடக்கினார்கள். இரண்டு எலும்பு, மற்ற விரல்களில் மூன்று. பிளாஸ்டிக் கையில் தொட்டுக் காட்டினான். பிறகு பலகையில் கிடந்ததை ஒரு ஈர்க்குச்சியால் எட்ட நின்று சுட்டினான். செல்லத்தாய் குனிந்து சத்தமாக எண்ணினாள். "ரெண்டு, ரெண்டு, ரெண்டு, இந்தப் பெரிசுலயும் ரெண்டு. இந்தச் சின்னதுல..." நிமிர்ந்து மொக்கம்மாளைப் பார்த்தாள். "ஒண்ணு."

"மணிக்கட்டையும் எண்ணுங்க," என்றாள் ஜாக்குலின். "மனுசனுக்கு எட்டுச் சின்ன எலும்பு, ரெண்டு வரிசையா இருக்கும்."

பிளாஸ்டிக் கையில் எட்டு. சாக்கின் மேல் இருந்ததில் ஏழு. எட்டாவதைத் தேடியபோது, மனிதனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக இருக்கும் இடத்தில் இதற்கு ஒரே பெரிய எலும்பு இருந்தது.

"கரடிக்கும் புலிக்கும் நாய்க்கும் இப்படித்தான். அந்த ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிரும்," என்றாள் ஜாக்குலின்.

மொக்கம்மாள் தன் வலது கையைப் பலகைக்கு மேலே, தொடாமல், விரித்துப் பிடித்தாள். திருப்பினாள். இடது கையையும் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவரு இல்ல," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். கருப்பம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மொக்கம்மாள் கேட்டாள்: "கரடின்னா, அப்புறம் ஏன் பாய் அது கை நம்ம கையாட்டமே இருக்கு? அதுவா காய் பறிக்குது?"

ஷகீல் ஜாக்குலினைப் பார்த்தான். "ஆட்டுக்காலை எடுங்க," என்றாள் அவள்.

வாசலில் வாழை இலையை விரித்து ஆட்டுக்காலை வைத்தான். இது அவனுடைய சோலி. கத்தி கையில் வந்ததும் பேச்சும் வந்தது. தோளிலிருந்து ஒரே எலும்பு, அதற்குக் கீழே இரண்டு, அதற்குக் கீழே கூழாங்கல் போலச் சின்னச் சின்னதாக ஒரு கொத்து. பிளாஸ்டிக் கையோடு வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினான். ஆட்டுக்கு நாம் முழங்கால் என்று சொல்வது அதன் மணிக்கட்டு என்றதும் தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள்.

"உள்ளங்கை எங்க போச்சு?" என்றாள் கருப்பம்மாள். விடுகிற மாதிரி இல்லை.

"இந்தா." குளம்புக்கு மேலே நீளமாக இருந்த ஒற்றை எலும்பைக் குறுக்கே ஒரே போடு போட்டான். வெட்டுவாயைத் திருப்பிக் காட்டினான். உள்ளே நடுவில் ஒரு மெல்லிய சுவர். இரண்டு பக்கமும் மஜ்ஜை. "ரெட்டைக் குழல். நெதம் வெட்டுறேன், நெதம் பாக்குறேன். செத்துப் பொறந்த குட்டிக்கு இது ரெண்டு எலும்பாவே தனித்தனியா கெடக்கும். வளர வளரத்தான் ஒட்டும். ஏன்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது."

"நடுவிரலும் மோதிரவிரலும்," என்றாள் ஜாக்குலின். "உள்ளங்கையில அது ரெண்டுக்கும் உள்ள எலும்பு ஒட்டி ஒண்ணாயிருச்சு. அந்த ரெண்டு விரலோட நகம்தான் ரெண்டு குளம்பு. பின்னாடி தரையில படாம ரெண்டு சின்னக் குளம்பு தொங்குது பாருங்க, அது ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும். வேலை இல்லாமத் தேஞ்சுபோச்சு. கட்டைவிரல் மட்டும் இல்லவே இல்ல."

கோழி இறக்கையிலும் ஒன்று, இரண்டு, பிறகு ஒட்டிப்போன மூன்று விரல்கள். மொக்கம்மாள் இறக்கையைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். வருடக்கணக்காகக் குழம்பு வைத்தவள். விரலைத் தேடியது அன்றுதான்.

"பறக்கறதுக்கு விரல் எதுக்கு?" என்றாள் ஜாக்குலின். "ஓடறதுக்கு எதுக்கு ரெண்டு எலும்பு ஒட்டி ஒண்ணாகணும்? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா புதுசா செஞ்சிருந்தா, அததுக்குத் தோதா வேற வேற மாதிரி செஞ்சிருக்கலாம்ல? எல்லாத்துலயும் ஒரே வரிசை இருக்குன்னா, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால இது அத்தனைக்கும் மூதாதையா ஒரே ஒரு சாதிப் பிராணி இருந்திருக்கு. அதுக்கு இந்த வரிசை இருந்திருக்கு. அதோட வம்சம் பிரிஞ்சு பிரிஞ்சு, தோண்டறது தோண்டறதுக்குத் தக்கன, ஓடறது ஓடறதுக்குத் தக்கன கொஞ்சங் கொஞ்சமா மாறிக்கிச்சு. வரிசை மட்டும் போகல."

ஷகீலுக்கு அந்த விளக்கம் போதாது என்று தோன்றியது.

"என் கடையைப் பாத்திருக்கியாத்தா? அதுல வாசல் தெருவப் பாக்காம சந்துக்குள்ள கோணலா இருக்கும். கறிக்கடைக்கு யாராச்சும் அப்படி வாசல் வைப்பானா? முன்ன அது சைக்கிள் கடை. அதுக்கும் முன்ன குடோன். லோடு இறக்கறதுக்கு வச்ச வாசல். சுவத்த இடிச்சேன், மேடை கட்டுனேன், அந்த வாசல மட்டும் எடுக்க முடியல. பாத்தா பழைய குடோன்னு தெரிஞ்சிரும். அந்த மாதிரிதான் இதுவும்."

ஜாக்குலின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பாய், இதை நான் கிளாஸ்ல சொல்லிக்கறேன்."

"அப்ப கரடியும் நமக்கு ஒறவா?" என்றாள் மொக்கம்மாள்.

"தூரத்துப் பங்காளி," என்றான் பாண்டியராஜ் ஜீப்பின் மேல் சாய்ந்தபடி. எல்லோரும் சிரித்தார்கள். கருப்பம்மாள்கூட.

"இருந்தாலும் மதுரை ரிப்போர்ட்டு வரட்டும்," என்றாள் அவள். "அதுவரைக்கும் ஒண்ணும் செய்யவேணாம். தாலி கழுத்துலயே கெடக்கட்டும்."

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து எலும்பை எடுத்துப்போனார். ஜாக்குலின் எழுதிக் கொடுத்த குறிப்பையும் வாங்கிக்கொண்டார். நகம் அறுத்தது யார் என்று வனத்துறை ஆட்கள் ஓடைப் பக்கம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பத்தொன்பதாம் நாள் ரிப்போர்ட்டு வந்தது. கரடி, முன்னங்கால், இடது.

ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் காய் பறிக்க ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஊர்ச் செய்தியையும் ஏற்றிப்போயின. அந்த வாரம் புதன்கிழமை காலை பாண்டியராஜின் போன் அடித்தது. கேரளாவில் நெடுங்கண்டம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருவன் பேசினான்.

"மாப்ளே, நான் ஜக்கையன். நான் செத்துட்டேன்னு இங்க பேசிக்கிறாக. மொக்கம்மா தாலியை இறக்கிட்டாளா?"

பாண்டியராஜ் போனோடு தோட்டத்துக்குள் ஓடினான். ஏலச் செடிக்கடியில் குத்துக்காலிட்டுக் காய் பறித்துக்கொண்டிருந்த மொக்கம்மாளிடம் போனை நீட்டினான். குரலைக் கேட்டதும் அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எந்தக் கையில போனைப் பிடிச்சிருக்க?" என்றாள்.

"வலது கையில. ஏன்?"

"இடது கை இருக்கா?"

"இருக்குடி. என்னாச்சு ஒனக்கு?"

"ரெண்டு கையும் இருக்குல்ல? அப்ப வந்து ஆட்டுக்குத் தழை ஒடி. நான் ஒருத்தியே எத்தனைதான் பாக்கறது?"

சனிக்கிழமை ஜக்கையன் வந்தான். இளைத்திருந்தான். மொக்கம்மாள் அவனை வாசலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினாள் என்றும், அவளும் இடையிடையே அழுதாள் என்றும் பாண்டியராஜ் சொன்னான். அடுத்த வாரம் ஷகீல் போனபோது அவன் பட்டியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ஒங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்," என்றான்.

"மொக்கம்மாகிட்டச் சொல்லிட்டீல்ல? விடு."

மொக்கம்மாள் உள்ளேயிருந்து கருப்புக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றை ஷகீல் கையில் கொடுத்தாள். "நானே குடுக்குறேன் பாய். இந்தத் தடவை நானே," என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

மாதக் கடைசியில் ஜாக்குலின் அவனைக் கல்லூரிக்குக் கூப்பிட்டாள். கடைக்கு விடுமுறை நாள். ஜன்னத்தும் கூட வந்தாள், புதுச் சேலை கட்டிக்கொண்டு. ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஜாக்குலின் ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தாள். உள்ளங்கை அகல உடம்பு. அதன் இரண்டு பக்கமும் குடைக்கம்பிகள் போல மெல்லிய எலும்புகள் நீண்டு நீண்டு விரிந்திருந்தன.

"வவ்வால்," என்றாள்.

ஷகீல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். அவன் இதுவரை வெட்டாத, தொடாத ஒரு பிராணி. தோளிலிருந்து ஒன்று. அடுத்து நீளமாக ஒன்று, அதோடு ஒட்டி நூல் மாதிரி இன்னொன்று. அப்புறம் கொத்தாகச் சின்னது. அந்த நீளக் கம்பிகள் எல்லாம் விரல்கள். மேலே கொக்கி மாதிரி தனியாக நின்றது கட்டைவிரல்.

"எண்ணிப் பாரு," என்றான் ஜன்னத்திடம்.

அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே எண்ணினாள். முடித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"யா அல்லா," என்றாள். "இத்தனை நாளா இத றெக்கைன்னுல்ல நெனச்சேன். கை."

ஷகீல் தலையாட்டினான். ஜாக்குலின் அடுத்த பெட்டியின் மூடியைத் திறக்கப் போனாள். அவன் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.